தூங்கினால் கூட்டிப் போய்விடுவார்கள்

மடியில் தட்டு. தட்டில் பட்டாணி. தில்லிக் குளிரில் பால்கனியில் வெயில் விழுவது கொஞ்ச நேரம்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த வெயிலில் சும்மா உட்கார்ந்தால் சோம்பேறி, பட்டாணியோடு உட்கார்ந்தால் பொறுப்பானவள் என்பது எங்கள் லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸின் எழுதாத சட்டம். ஆகவே உரித்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே என் மகள் யாழினியைத் தூங்கவைக்கும் முயற்சி நடந்துகொண்டிருந்தது. நடத்தியவர் என் கணவரின் அக்கா முத்துலட்சுமி. எனக்கு மதினி. அம்பாசமுத்திரத்திலிருந்து வந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. தட்டித் தட்டிக் கை ஓய்ந்து, போர்வையைத் தோளில் போட்டபடி வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ஏளா வித்யா, ‘லே ஜாயேங்கே’ன்னா என்னது?”

நான் நிமிரவில்லை. வந்த நாளிலிருந்து மதினி ஆசையாக இந்தி சேகரித்துக்கொண்டிருந்தார். எவ்வளவு என்று கேட்க ‘கித்னா’, போதும் என்பதற்கு ‘பஸ்’, கடைக்காரரைக் கூப்பிட ‘பையா’ எல்லாம் கைவசமாகியிருந்தன.

“கூட்டிக்கிட்டுப் போயிடுவாங்கன்னு அர்த்தம் மதினி.”

“அப்பம் ‘சோ கயீ தோ’ன்னா?”

“தூங்கிட்டா.”

மதினி இரண்டையும் வாய்க்குள் கூட்டிப் பார்த்தார். “தூங்கிட்டா கூட்டிட்டுப் போயிருவாங்க. இதத்தான் இவ்வளவு நேரமா முணுமுணுத்துட்டுக் கெடக்காளா? நான் ஏதோ பள்ளிக்கூடத்துப் பாட்டுன்னுல்லா நெனச்சேன். கண்ணு சொருகும், ஒடனே இதச் சொல்லுதா, முழிச்சிக்கிடுதா. பாவமா இருக்கு பாக்க. யாருளா அவளக் கூட்டிட்டுப் போவா?”

என் கை நின்றுவிட்டது. யார் கூட்டிப் போவார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்தான் என் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வாரக் கடைசியில் யாழினியைத் தன்னோடு அம்பாசமுத்திரம் அழைத்துப் போவதற்காகத்தான் மதினி தில்லிக்கு வந்திருந்தார்.

இது யாழினிக்குத் தெரியாது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். எப்படி நினைத்தோம் என்பதைச் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ழகரம் வைத்த பெயர்

நான் தில்லியில் பிறந்து வளர்ந்தவள். அப்பா கும்பகோணத்துக்காரர், கோல் மார்க்கெட் பக்கம் குவார்ட்டர்ஸில் இருந்தோம். வீட்டில் தமிழ், வெளியில் இந்தி, கோபம் வந்தால் எது முன்னால் நிற்கிறதோ அது. தமிழ் எழுதப் படிக்கத் தெரியும் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. என் கூடப் படித்த தமிழ்ப் பிள்ளைகளில் பாதிப் பேர் பஸ் போர்டைக்கூடத் தமிழில் படிக்கத் திணறுவார்கள்.

என் கணவர் முருகேசன் வேலை கிடைத்த பிறகு தில்லிக்கு வந்தவர். ஒரு அமைச்சகத்தில் பிரிவு அலுவலர். எத்தனையோ வருடம் ஆகியும் அவருடைய இந்தி, தாமிரபரணித் தண்ணீர் குடித்த இந்திதான். பெண் பிறந்ததும் இரண்டு தீர்மானம் எடுத்தார். பெயரில் ழகரம் இருக்க வேண்டும். வீட்டில் குழந்தையிடம் தமிழைத் தவிர வேறு மொழி பேசக் கூடாது.

எனக்கும் அது பிடித்திருந்தது. நான் பிடிவாதக்காரி. ஒன்றைச் செய்வது என்று வைத்துக்கொண்டால் செய்துவிட்டுத்தான் மறுவேலை. நிலா, காக்கா, பருப்பு சாதம், குளியல், கதை என்று எல்லாம் தமிழில் நடந்தன. ‘பானி’ என்று அவள் கேட்டால் கொடுக்க மாட்டோம். ‘தண்ணி’ என்று வந்தால்தான் டம்ளர் நகரும்.

ஆனால் நானும் அலுவலகம் போகிறவள். காலையிலிருந்து சாயங்காலம் வரை யாழினி, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் க்ரெஷ்ஷில் இருந்தாள். அங்கே ‘ழ’ யாருக்கும் வரவில்லை. யாலினி ஆகி, யாலு ஆகி, அந்த யாலு நாள் முழுக்க இந்தியில் சாப்பிட்டு, இந்தியில் சண்டை போட்டு, இந்தியில் தூங்கி எழுந்து, மாலையில் என் தோளில் ஏறியதும் தமிழச்சி ஆகிவிடுவாள். அவளுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும் என்பதுபோல நாங்கள் வீட்டில் நடந்துகொண்டோம். நாங்கள் பார்க்காத நேரத்தில் அவளுக்கு வாழ்க்கையே இல்லை என்று நினைப்பு.

எல்லாரும் டாக்டர்

தூக்கப் பிரச்சினை சாதாரணமாகத்தான் ஆரம்பித்தது. பார்லிமென்ட் நடக்கும் நாட்களில் முருகேசன் வீடு திரும்ப வெகு நேரமாகும். மறுநாள் சபையில் கேட்கப்போகும் கேள்விக்கு இவர்கள் இங்கே பதில் தயாரித்துக்கொண்டிருப்பார்கள். அப்பா வரும்வரை யாழினி கட்டிலில் குதிப்பாள். வந்ததும் அப்பா மேல் குதிப்பாள். கூட்டத்தொடர் முடிந்தது, குதிப்பது முடியவில்லை.

குழந்தை தூங்கவில்லை என்று ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். நாட்டில் எத்தனை டாக்டர்கள் இருக்கிறார்கள் என்று தெரியும். மேல் வீட்டுப் பஞ்சாபி ஆன்டி, திருஷ்டி என்றார், உள்ளங்காலில் கடுகெண்ணெய் தேய்க்கச் சொன்னார். என் ஆபீஸில் ஒருத்தி, தூக்கம் இல்லாவிட்டால் மூளை வளராது என்று சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போனாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. மொபைலைத் திறந்து தேடினேன். எதையும் ராத்திரியில் மொபைலில் தேடக் கூடாது என்பது அன்று தெரிந்தது. தும்மலைப் பற்றித் தேடினாலே அது பெரிய வியாதியில்தான் கொண்டுபோய் விடும். இது என் குழந்தை.

உண்மையான டாக்டர் எடை போட்டார், காதைப் பார்த்தார், யாழினியைச் சிரிக்கவைத்தார். “பச்சி டீக் ஹை,” குழந்தை நன்றாக இருக்கிறாள் என்றார். பகல் தூக்கத்தைக் குறைக்கச் சொன்னார். சாயங்காலம் ஓட விடுங்கள், விளக்கைச் சீக்கிரம் அணையுங்கள், நீங்கள் பதற்றப்படாதீர்கள் என்றார். கடைசியாகச் சொன்னதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்தேன்.

போர்க்கால அடிப்படையில் செய்தேன். மாலையில் பூங்காவில் அவளை ஓடவிட்டு நானும் பின்னால் ஓடினேன். சீக்கிரம் சாப்பாடு, வெந்நீர்க் குளியல், டிவிக்கு மேல் துணி. க்ரெஷ்ஷில் அவளைப் பார்த்துக்கொள்ளும் கமலா தீதியிடம், மதியத் தூக்கத்தைக் கொஞ்ச நேரத்தோடு நிறுத்தச் சொன்னேன். முருகேசன் வரும் நேரத்துக்குக் காலிங்பெல்லைக்கூடக் கழற்றிவைத்தேன். பாவம், வெளியில் நின்று போன் பண்ணுவார்.

சில வாரங்களில் ஒரு மாற்றம் தெரிந்தது. யாழினி குதிப்பதை நிறுத்தினாள். விளக்கணைத்ததும் எங்கள் இருவருக்கும் நடுவில் சமர்த்தாகப் படுத்தாள். என் காது மடலைப் பிடித்துக்கொண்டாள். ஜெயித்துவிட்டோம் என்று நான் நினைத்தேன்.

ஆனால் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் கண்ணைத் திறந்துகொண்டிருந்தாள். அழவில்லை, தண்ணீர் கேட்கவில்லை, கதை கேட்கவில்லை. மேலே பார்த்தபடி சும்மா முழித்திருந்தாள். நான் அயர்ந்து எழுந்தாலும் அப்படியே இருப்பாள். காதைப் பிடித்த பிடி தளர்ந்திருக்காது. குதித்த காலத்தில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. இப்போது பயம் வந்தது.

இன்னொன்று. க்ரெஷ்ஷில் அவள் எப்போது வேண்டுமானாலும் தூங்கினாள். “தீதி, யாலு தோ கிச்சடி காத்தே காத்தே சோ ஜாத்தி ஹை,” என்று கமலா தீதி சிரித்தாள். கிச்சடி சாப்பிடும்போதே தூங்கிவிடுகிறாளாம். எழுப்பினால் எழுந்திருப்பதில்லையாம். அதைக் கேட்டு, பகலில் தூங்குவதால்தான் ராத்திரி விழிக்கிறாள் என்று மேலும் கண்டிப்பாக எழுப்பச் சொன்னேன். வீட்டில் மட்டும் ஏன் தூங்கவில்லை என்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.

ரகசிய மொழி

தில்லித் தமிழர்களுக்கு ஒரு மூடநம்பிக்கை உண்டு. நாம் மொழியை மாற்றிவிட்டால் எதிரில் இருப்பவருக்குக் காது கேட்காமல் போய்விடும் என்று நம்புவோம்.

என் அம்மா கோல் மார்க்கெட்டில் காய்கறிக்காரர் முன்னாலேயே எங்களிடம் தமிழில் சொல்வார், “கத்திரிக்கா அத்தனையும் சொத்தை. நல்லா இருக்கற மாதிரி மூஞ்சிய வச்சுக்காதீங்க, வாங்க போகலாம்.” ஒரு நாள் அந்தக் காய்கறிக்காரர் தராசைத் தூக்கியபடியே, “சொத்தை இல்லம்மா, வெட்டிக் காட்டறேன் பாருங்க,” என்றார். பீகார்க்காரர். வருடக்கணக்காகத் தமிழ் அம்மாக்கள் அவர் எதிரில் நின்று அவரைப் பற்றிப் பேசியே தமிழ் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அம்மா வெகு நாள் அந்தக் கடைப் பக்கமே போகவில்லை. அதற்காக வழக்கத்தை விட்டுவிட்டார் என்று நினைக்காதீர்கள். வேறு கடைக்காரர் முன்னால் தொடர்ந்தார்.

அம்மா அப்பா எங்களிடம் மறைக்க வேண்டியதை ஆங்கிலத்தில் பேசினார்கள். அது எங்களுக்குப் பிடிபட்டதும் எழுத்துக் கூட்டிப் பேசினார்கள். எனக்கு ஸ்பெல்லிங் நன்றாக வந்ததற்கு அதுதான் காரணம்.

இவ்வளவையும் பார்த்து வளர்ந்த நான் என்ன செய்தேன்? தமிழ் மட்டுமே தெரிந்த பெண் என்று நாங்கள் முடிவுகட்டியிருந்த யாழினியின் முன்னால், ரகசியங்களை இந்தியில் பேசினேன். முருகேசனும் பேசினார். கடன் தவணை, ஆபீஸ் சண்டை, அவர் மாமாவின் ஆபரேஷன் என்று குழந்தை காதில் விழ வேண்டாதவை எல்லாம் இந்திக்குப் போயின. பகல் முழுக்க இந்தியில் வாழ்ந்துவிட்டு வந்த பெண், நடுவில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இருட்டில் எடுத்த முடிவு

யாழினி இன்னும் குதித்துக்கொண்டிருந்த அந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் நாங்கள் இரண்டு பேரும் பாதி உயிரோடு நடமாடினோம். முருகேசன் இணைச் செயலர் எதிரில் மீட்டிங்கில் தூங்கி விழுந்தார். நான் ஒரு ஃபைலைத் தவறி வேறு அமைச்சகத்துக்கு அனுப்பிவைத்தேன். யாழினிக்கு வெளிக்காற்றின் புகையால் இருமல் வேறு.

அப்போதுதான் மதினி போனில் சொன்னார். “பிள்ளய இங்க கொண்டாந்து விடுங்க. பள்ளிக்கூடத்துல சேக்கும்போது வந்து கூட்டிட்டுப் போங்க. நல்ல காத்து, நல்ல தண்ணி. ஒறங்காம எங்க போவா?”

கெட்ட மனசோடு சொன்னதல்ல. மதினியின் இரண்டு பையன்களும் வேலைக்காகச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள். அந்த வீட்டில் அவரும் அவர் கணவரும்தான். எங்களைக் கேட்பதற்கு முன்பே ஓர் அறைக்கு வெளிர் மஞ்சளில் பெயின்ட் அடித்து வைத்துவிட்டார். தில்லியில் வேலை பார்க்கும் எத்தனையோ பேர் பிள்ளைகளை ஊரில் விட்டுத்தான் வளர்க்கிறார்கள். எனக்கு அரை மனசு. ஆனால் தூங்காதவளுக்கு அரை மனசை முழுசாக்கும் தெம்பு ஏது?

பல ராத்திரி படுத்தபடி பேசினோம். இந்தியில்தான். ரயில் விடியற்காலையில் நிஜாமுதீன் ஸ்டேஷனிலிருந்து கிளம்பும். குழந்தை அழுது ஊரைக் கூட்டுவாளே என்று நான் கவலைப்பட்டேன். முருகேசன் தன்னுடைய இந்தியில் அதற்கும் வழி சொன்னார்.

“சோத்தே ஹுயே லே ஜாயேங்கே. ரோயேகி நஹீ.”

தூங்கும்போதே கொண்டுபோய்விடலாம், அழ மாட்டாள் என்றார். நான் “அச்சா” என்றேன். எங்களுக்கு நடுவில் யாழினி சமர்த்தாகப் படுத்திருந்தாள்.

பட்டாணி பாதியில் நின்ற மதியம்

இப்போது பால்கனிக்குத் திரும்பலாம். யார் கூட்டிப் போவார்கள் என்று மதினி கேட்டார் இல்லையா? சொன்னேன்.

“நீங்கதான் மதினி. நாங்க ராத்திரி இந்தியில பேசினத எல்லாம் கேட்டிருக்கா. தூங்கினா தூக்கிட்டுப் போயிடுவோம்னுதான் இத்தனை நாளா தூங்காம இருக்கா.”

மதினியின் முகம் சுருங்கிவிட்டது. தோளில் கிடந்த போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். “அப்பம் என்னயப் பிள்ள பிடிக்கவளா ஆக்கிட்டியள்லா.”

ஆசையாக வந்தவர். வந்த நாளிலிருந்து அந்தக் குழந்தை ஏன் தன் மடிக்கு வரவில்லை என்று அவருக்கு இப்போதுதான் புரிந்திருக்கும்.

ஆனாலும் மதினி சுலபத்தில் விடுகிறவர் இல்லை. “சரி, அதுக்காவ? நாலு நாள் அழுவா, பொறவு சரியாயிரும். எல்லாப் பிள்ளையளும் அப்படித்தான். நீங்க ரெண்டு பேரும் இங்கன ஒறக்கமில்லாம செத்துப்போவியளா?”

“இல்ல மதினி. நான் அனுப்பறதா இல்ல.”

சொன்ன பிறகுதான் அது என் குரல் என்று தெரிந்தது. அரை மனசு அந்த நிமிஷத்தில் எங்கோ போய்விட்டது. இத்தனை ராத்திரி ஒரு சின்னப் பெண் தன்னந்தனியாகக் காவல் காத்திருக்கிறாள். பெற்ற இரண்டு பேரிடமிருந்தும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள. எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாக ஓர் உறுதி வந்தது.

முருகேசன் அப்போதுதான் மார்க்கெட்டிலிருந்து பையோடு வந்தார். விஷயத்தைச் சொன்னோம். அவர் நம்பவில்லை. “பிள்ள ஏதோ ஒளறியிருக்கும். இவ்வளவு சின்னதுக்கு என்ன புரியும்? அக்கா ரூமெல்லாம் பெயின்ட் அடிச்சு வச்சிருக்கா வித்யா. இப்பம் போயி இப்படிச் சொன்னா?”

“இன்னும் எத்தன நாளைக்கு முழிச்சிருப்ப?” என்றும் கேட்டார். “அவ தூங்கற வரைக்கும்,” என்றேன்.

வாதம் பண்ணிப் பயனில்லை என்று நேராக அறைக்குப் போனேன். யாழினி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. அந்த வீட்டில் முதல் தடவையாக அவளிடம் இந்தியில் பேசினேன்.

“யாலு, கௌன் லே ஜாயேகா?” யார் உன்னைக் கூட்டிப் போவார்கள்?

அவள் என்னைப் பார்த்தாள். நான் இந்தி பேசியதில் அவளுக்கு ஆச்சரியமே இல்லை. “அப்பா,” என்றாள். “அத்தை. ட்ரெயின் மே.” பிறகு கொஞ்சம் யோசித்து, “சோத்தே ஹுயே.”

அந்த அழுத்தமான ‘த்’ தில்லியில் யாருக்கும் வராது. அது அம்பாசமுத்திரத்து ‘த்’. வாசலில் நின்ற முருகேசன் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் பெயின்ட்டைப் பற்றிப் பேசவில்லை.

நிஜமான மொழி

“உன்ன எங்கயும் அனுப்ப மாட்டோம் கண்ணு. நீ இங்கயேதான் இருப்ப,” என்று மடியில் வைத்துக்கொண்டு சொன்னேன். தலையை ஆட்டினாள். அன்று இரவும் முழித்திருந்தாள்.

மறுநாள்தான் எனக்கு உறைத்தது. தமிழில் நாங்கள் அவளுக்குச் சொன்னதெல்லாம் நிலா வரும், காக்கா கொத்தும், சாப்பிட்டால் பெரியவளாவாய் என்பவைதான். நிஜமாக நடக்கப்போவதை எல்லாம் இந்தியில் பேசினோம். அவள் எதை நம்புவாள்? தமிழைக் காப்பாற்றப் புறப்பட்ட நாங்கள் அதைக் கதைக்கும் சாதத்துக்கும் மட்டும் ஆக்கி வைத்திருந்தோம்.

ஆகவே இந்தியில் சொன்னேன். முருகேசனையும் சொல்லவைத்தேன். “யாலு கஹீ நஹீ ஜாயேகா,” யாலு எங்கும் போக மாட்டாள் என்று அவருக்குத் தெரிந்த மாதிரி சொன்னார். யாழினி கவனமாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு அறை மூலையில் இருந்த மதினியின் பெட்டியைப் பார்த்தாள். பெட்டி இருக்கும்வரை அவள் யாரையும் நம்பத் தயாராக இல்லை. என் பெண்தான், சந்தேகமில்லை.

அந்த வாரத்திலிருந்து எங்கள் வீட்டில் ஒரு விதி இருக்கிறது. அவளைப் பற்றிய எதையும் அவளிடமே, தமிழிலேயே சொல்வது. ஊசி போடப் போகிறோம் என்றால் ஊசி போடப் போகிறோம் என்று. அழுவாள், அழட்டும். ‘உங்கள் பெண் இத்தனை நன்றாகத் தமிழ் பேசுகிறாளே’ என்று நான் எழுதும் இந்தத் தொடரைப் படிக்கும் தில்லி நண்பர்கள் கேட்கிறார்கள். அதற்கு நான் எந்தப் பாடமும் நடத்தவில்லை.

மதினி ஒரு நாள் முழுக்க யாரிடமும் பேசவில்லை. கோபமா வருத்தமா தெரியவில்லை, இரண்டும் இருந்திருக்கும். மறுநாள் சாயங்காலம் நான் சப்பாத்திக்கு மாவு பிசையும்போது வந்து நின்றார்.

“ஏளா, ‘நான் போறேன், நீ வரல’ங்கத இந்தில எப்படிச் சொல்லணும்?”

சொல்லிக்கொடுத்தேன். சப்பாத்தி போட்டு முடிக்கும்வரை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்குக் கண் கலங்கியிருந்தது எனக்குத் தெரியும்.

நிஜாமுதீன்

மதினி கிளம்பும் நாளுக்கு முந்தைய இரவு யாழினி கண்ணை மூடவே இல்லை. பிடி என் காதை விட்டு என் கழுத்துச் சங்கிலிக்கு வந்திருந்தது. இருட்டோடு ஆட்டோவை வரச் சொல்லியிருந்தோம்.

“பிள்ளைய மேல் வீட்டு ஆன்டிகிட்ட விட்டுட்டுப் போவோம். ஸ்டேஷனப் பாத்தா பயந்துருவா,” என்றார் முருகேசன்.

“இல்ல. அவளும் வரட்டும். அவ கண்ணால பாக்கட்டும்,” என்றேன்.

எனக்கும் பயம்தான். போகிற வழியில் ஆட்டோவில் அவள் உடம்பு விறைத்திருந்தது. ஸ்டேஷனில் அவளைத் தூக்கிக்கொள்ள முருகேசன் கை நீட்டினார். வர மாட்டேன் என்று தலையசைத்தாள். குல்லாயும் ஸ்வெட்டருமாக, என் சுரிதார் நுனியைப் பிடித்துக்கொண்டு, தன் காலாலேயே பிளாட்பாரம் முழுக்க நடந்து வந்தாள். பெட்டி ஏறியது. மூட்டை ஏறியது. ஒவ்வொன்றும் உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் மதினி குனிந்தார். முத்தம் கொடுக்கவில்லை, தொடவும் இல்லை. இரண்டடி தள்ளியே உட்கார்ந்து, மனப்பாடம் செய்ததைச் சொன்னார்.

“மே ஜா ரஹீ ஹூம். தும் நஹீ.”

யாழினி அவர் முகத்தையே பார்த்தாள். மதினி இன்னொரு முறை சொன்னார். பிறகு எழுந்து, திரும்பிப் பார்க்காமல் வண்டியில் ஏறினார். அந்த மஞ்சள் அறைக்குத் தனியாகப் போகிறவர் அதைச் சொல்ல எவ்வளவு பாடுபட்டிருப்பார் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன்.

வண்டி நகர்ந்தது. ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் மதினியின் கை அசைந்தது. யாழினி அசைக்கவில்லை. அவள் ரயில் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றாகப் போய், கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கும் பனியில் மறையும்வரை பார்த்தாள். தண்டவாளம் காலியானதும் குனிந்து தன் ஷூவைப் பார்த்தாள். ஷூ பிளாட்பாரத்தில்தான் இருந்தது.

பிறகு இரண்டு கையையும் என்னை நோக்கித் தூக்கினாள். தூக்கிக்கொண்டேன். தலை என் தோளில் சாய்ந்தது. கண்ணை மூடவில்லை, என் காதருகே கேட்டாள்.

“அம்மா, அப் சோ ஜாவூம்?”

இப்போது தூங்கலாமா என்று என்னிடம் அனுமதி கேட்டாள்.

“தூங்கு கண்ணு,” என்றேன். “நான் முழிச்சிருக்கேன்.”